ரீஃப்ளோ ஓவனுக்கு எந்தக் கன்ட்ரோலர்? ரெடிமேட் பிஐடி, யூனோ, இஎஸ்பி32, பிகோ: புதியவர்களுக்கான ஒப்பீடு

எஸ்எம்டி பாகங்களை (பிசிபி பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சின்ன மின்னணுப் பாகங்கள்) வீட்டிலேயே பலகையில் ஏற்றிவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "வீட்டில் பழைய ஓடிஜி ஓவன் ஒன்று கிடக்கிறது. அதை ரீஃப்ளோ ஓவனாக, அதாவது சால்டர் பேஸ்ட்டை (பற்றவைக்கும் உலோகப் பசையை) உருக்கிப் பாகங்களை ஒட்டும் ஓவனாக மாற்றப் போகிறேன். மைக்ரோகன்ட்ரோலருக்கு நான் புதுசு. யூனோ வாங்கவா, இஎஸ்பி32 வாங்கவா, பிகோவா? இல்லை, ரெடிமேட் டெம்பரேச்சர் கன்ட்ரோலரே போதுமா?"

வேகத்தையும் நினைவகத்தையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். சின்ன ஓடிஜி விநாடிக்கு ஒரு டிகிரி ஏறினாலே நல்ல ஓவன். அதை மேய்க்க விநாடிக்கு இரண்டு முறை வெப்பத்தை அளந்து, ஹீட்டரை எரிய விடுவதா அணைப்பதா என்று முடிவு செய்தால் போதும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் யூனோவுக்கு அப்படி இரண்டு முடிவுகளுக்கு நடுவே 80 லட்சம் கடிகாரத் துடிப்புகள் கிடைக்கின்றன. 240 மெகாஹெர்ட்ஸ் இஎஸ்பி32 இதே வேலையில் இன்னும் அதிக நேரம் சும்மா இருக்கும், அவ்வளவுதான்.

நிரல் உறைந்து நின்றுவிட்டால் ஹீட்டர் என்ன ஆகும் என்பதில்தான் இந்தக் கன்ட்ரோலர் பலகைகள் உண்மையாக வேறுபடுகின்றன. கீழே வரும் ஒப்பீடு பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நகரும்.

## எதை வைத்து எடை போடுவது

முக்கியத்துவ வரிசையில் நான்கு அளவுகோல்கள் வைத்துக்கொள்கிறேன்.

பிழை நேர்ந்தால் என்ன நடக்கும். சென்சார் கழன்றாலோ, நிரல் தொங்கிப்போனாலோ, பலகை தானாக ரீசெட் ஆனாலோ ஹீட்டர் அணைய வேண்டும். எல்இடியை மினுக்கும் நிரல் நின்றுபோனால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே மூடிய பெட்டிக்குள் ஆயிரம் வாட் எரிகிறது.

மின்னழுத்தம் ஒத்துப்போகிறதா. சில பலகைகள் 5 வோல்ட், சில 3.3 வோல்ட். சென்சார் மாட்யூலும் ஹீட்டரை இயக்கும் எஸ்எஸ்ஆரும் (சாலிட் ஸ்டேட் ரிலே, அதாவது மின்னணு சுவிட்ச்) இதில் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பார்க்காமல் வாங்கினால் ஒன்றுக்கொன்று பேசாது.

தப்பைக் கண்டுபிடிப்பது எவ்வளவு எளிது. புதியவருக்கு நிரல் எழுதுவதைவிட, எழுதியது ஏன் ஓடவில்லை என்று தேடுவதில்தான் ராத்திரிகள் போகும்.

மொத்தச் செலவு. யூனோ நகல், இஎஸ்பி32, பிகோ எல்லாமே சில நூறு ரூபாய் சமாசாரம். பிகோ 2021-இல் 4 டாலருக்கு அறிமுகமானது. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கோடு நல்ல எஸ்எஸ்ஆர், தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் ஒயர் சென்சார்), பெட்டி, தடித்த ஒயர், சால்டர் பேஸ்ட் என்று கூட்டினால் பலகையின் விலை கணக்கில் சின்னப் பங்குதான்.

## பலகைக்கு முன் ஓவனைச் சோதியுங்கள்

இந்த வேலையைப் பலரும் கடைசியில் செய்கிறார்கள். முதலில் செய்தால் காசும் மிச்சம், ஏமாற்றமும் மிச்சம். கே வகை தெர்மோகப்பிள் செருகி வெப்பம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றும், உபயோகமில்லாத பிசிபி துண்டு ஒன்றும் போதும். தெர்மோகப்பிள் முனையைச் சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் பிசிபி மேல் அழுத்தி ஒட்டுங்கள். முனை காற்றில் தொங்கினால் காற்றின் வெப்பம்தான் தெரியும். நமக்கு வேண்டியது பலகையின் வெப்பம், இரண்டுக்கும் பல டிகிரி வித்தியாசம் வரும். மேல் ராடு, கீழ் ராடு இரண்டையும் போட்டு, தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்து, பத்து விநாடிக்கு ஒரு முறை காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்த எண்களைப் பேஸ்ட்டோடு பொருத்திப் பார்க்க வேண்டும். புழக்கத்தில் உள்ளவை மூன்று. வெள்ளீயம் 63, காரீயம் 37 கலந்த பேஸ்ட் 183 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாத எஸ்ஏசி305 வகை 217 முதல் 220 டிகிரிக்குள். வெள்ளீயம் 42, பிஸ்மத் 58 கலந்தது 138 டிகிரியிலேயே உருகிவிடும். உருகுநிலையைத் தொட்டால் மட்டும் வேலை முடியாது. அதற்கு மேல் இருபது, முப்பது டிகிரி ஏறி, அரை நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை அங்கே நின்று, இறங்க வேண்டும். அதாவது எஸ்ஏசி305-க்கு உச்சம் 240-ஐ ஒட்டி, காரீயப் பேஸ்ட்டுக்கு 210-ஐ ஒட்டி, பிஸ்மத்துக்கு 170-ஐ ஒட்டி.

சிறிய ஓடிஜி பல 180 டிகிரியைத் தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். 180-லிருந்து 240 போக மூன்று நான்கு நிமிடம் எடுத்தால், பேஸ்ட்டில் உள்ள ஃப்ளக்ஸ் அதற்குள் காய்ந்துபோய், சால்டர் ஒழுங்காகப் படராமல் மணல்மணலாக நிற்கும். அதை எந்த மைக்ரோகன்ட்ரோலராலும் சரிசெய்ய முடியாது. 800 வாட் ராடை நிரல் 1500 வாட் ஆக்காது. அதிக வாட் உள்ள ஓவன் வாங்க வேண்டும், அல்லது பேஸ்ட்டை மாற்ற வேண்டும்.

முதல் பலகைகளுக்கு நான் பிஸ்மத் பேஸ்ட்டையே சொல்வேன். எந்த ஓடிஜியும் 170-ஐ எட்டும். பிளாஸ்டிக் கனெக்டர்கள் உருகாது, இலக்கைத் தாண்டி இருபது டிகிரி போனாலும் பாகங்கள் பிழைக்கும். குறைகளும் உண்டு. இணைப்பு உடையக்கூடியது, கீழே விழும் பொருளுக்கும் அதிரும் பொருளுக்கும் ஆகாது. காரீயம் பூசிய பழைய பாகங்களோடு கலந்தால் 96 டிகிரிக்கு அருகிலேயே உருகும் கலவை உருவாகி, சூடான இடத்தில் இணைப்பு விட்டுவிடலாம். பேஸ்ட்டைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் மேசைமேல் விட்டால் சீக்கிரமே கெட்டுவிடும். சாப்பாட்டுப் பொருள் வைக்கும் பெட்டியில் மட்டும் வேண்டாம், சாப்பாட்டில் பேஸ்ட் கலக்கக்கூடாது. அதே காரணத்துக்காக, ஒரு முறை சால்டர் வைத்த ஓவனில் அப்புறம் கேக் சுடக்கூடாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, ஓவன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

## எந்த வழியில் போனாலும் வரும் செலவுகள்

1200 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 5.2 ஆம்ப் இழுக்கும். 6 ஆம்ப் சாக்கெட்டில் ஓடும், ஆனால் ஒட்டி நிற்கும் கணக்கு. 2000 வாட் என்றால் 8.7 ஆம்ப், 16 ஆம்ப் சாக்கெட் கட்டாயம்.

எஸ்எஸ்ஆர். 25 ஆம்ப் என்று அச்சிட்டது வாங்கினாலும் ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்டாதீர்கள். ஆன் நிலையில் அதன் குறுக்கே ஒன்றரை வோல்ட் வரை விழும். 5 ஆம்ப் ஓடினால் ஏழெட்டு வாட் அதன் உடம்பிலேயே சூடாக இறங்கும். பிரபல பெயரை ஒட்டிய போலிகள் சந்தையில் ஏராளம், உள்ளே சுவிட்சாக இருக்கும் டிரையாக் எழுதிய ஆம்ப்பில் பாதிகூடத் தாங்காது. இதில் உண்மையான ஆபத்து வேறொன்று. எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது நிரந்தர ஆன். நிரல் எத்தனை முறை "அணை" என்று சொன்னாலும் ஹீட்டர் எரியும்.

அதற்கு விலையில்லாத காப்பு ஓடிஜியிலேயே இருக்கிறது. ஓவனைத் திறந்து உள் ஒயரிங்கில் கை வைக்காதீர்கள். எஸ்எஸ்ஆரை எர்த் செய்த தனிப் பெட்டியில் பொருத்தி, ஒரு பக்கம் பிளக், மறு பக்கம் சாக்கெட் வைத்து, ஓடிஜியின் பிளக்கை அந்தச் சாக்கெட்டில் செருகுங்கள். ஓடிஜியின் சொந்த மெக்கானிக்கல் டைமரும் தெர்மோஸ்டாட்டும் அப்போது தொடர் சுற்றிலேயே இருக்கும். ஒரு ரீஃப்ளோ ஓட்டம் எட்டு நிமிடத்துக்கு மேல் போகாது. டைமரைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் திருப்பி வைத்துவிட்டால், எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆகியிருந்தாலும் மணி அடித்ததும் மின்சாரம் நிற்கும். எஸ்எஸ்ஆர் ஃபேஸ் ஒயரில்தான் வர வேண்டும். சுவர் சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பாருங்கள், நம் வீடுகளில் இது அபூர்வமில்லை. மெயின்ஸ் ஒயரிங் பழக்கமில்லையென்றால் இந்தப் பெட்டியை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவதில் வெட்கமில்லை.

தெர்மோகப்பிள். இரண்டு ஒயரை மாற்றிச் செருகினால் ஓவன் சூடாகச் சூடாக அளவு இறங்கும். கன்ட்ரோலர் "இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறதே" என்று முழு சக்தியும் கொடுக்கும். நிறத்தை நம்ப முடியாது. அமெரிக்க வழக்கில் கே வகையின் சிவப்பு ஒயர் எதிர்முனை, மலிவு மாட்யூல்களோடு வருவதில் சிவப்பு நேர்முனையாக இருப்பதும் உண்டு. ஹீட்டரை இணைக்கும் முன் முனையை விரலால் பிடித்துப் பாருங்கள். அளவு ஏற வேண்டும். நீளம் போதவில்லை என்று செம்பு ஒயர் சேர்த்து நீட்டவும் கூடாது, அளவு பிசகும்.

தெர்மோகப்பிள் மாட்யூல். மேக்ஸ் 6675, மேக்ஸ் 31855 இரண்டும்தான் கடைகளில் அதிகம். இரண்டுமே கால் டிகிரி நுணுக்கத்தில் அளக்கும். 6675-க்கு 3 முதல் 5.5 வோல்ட் வரை கொடுக்கலாம், பூஜ்யத்துக்குக் கீழே அளக்காது, நமக்கு அது வேண்டவும் வேண்டாம். 31855 சிப்புக்கு 3.3 வோல்ட்தான். பதிலுக்கு, தெர்மோகப்பிள் அறுந்ததா, கிரவுண்டில் ஒட்டியதா, சப்ளையில் ஒட்டியதா என்று தனித்தனியாகச் சொல்லும். ரீஃப்ளோவுக்கு 6675 போதும். ஒரே ஒரு பொறி: அது ஒரு அளவை முடிக்க 0.22 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் மறுபடி படித்தால் அளவு முதலிலிருந்து ஆரம்பித்துவிடும், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டும். "சென்சார் 31 டிகிரியிலேயே நிற்கிறது" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு வியாதி இதுதான். அரை விநாடிக்கு ஒரு முறை படியுங்கள்.

## வழி 1: நிரலே வேண்டாம், ரெடிமேட் பிஐடி

பிஐடி என்பது வெப்பம் இலக்கை ஒட்டி நிற்க ஹீட்டருக்கு எவ்வளவு சக்தி தருவது என்று கணக்கிடும் முறை. ரெக்ஸ் சி100 என்ற பெயரில் கிடைக்கும் சதுரமான பேனல் கன்ட்ரோலர் பலருக்குத் தெரிந்திருக்கும். மேல் வரிசையில் இப்போதைய வெப்பம், கீழ் வரிசையில் இலக்கு. தெர்மோகப்பிளை நேராகச் செருகலாம். தானே டியூன் செய்துகொள்ளும் வசதி உண்டு.

பிழைப் பாதுகாப்பில் இதற்கு நல்ல மதிப்பெண். தெர்மோகப்பிள் அறுந்தால் கண்டுகொண்டு வெளியீட்டை நிறுத்தும். உறைந்துபோக நீங்கள் எழுதிய நிரல் எதுவும் அதற்குள் இல்லை. மின்னழுத்தப் பொருத்தம் என்ற பேச்சும் எழாது, சரியான மாடல் வாங்கினால். இதில்தான் மறைந்திருக்கும் செலவு. ஒரே முகத்தோடு இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்றின் வெளியீடு ரிலே, இன்னொன்று எஸ்எஸ்ஆரை இயக்கும் மின்னழுத்தம். பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படிக்காமல் வாங்கி, உள்ளே ரிலே கிளிக் அடிப்பதைக் கேட்டபிறகு திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு.

இதன் எல்லை, ஒரு நேரத்தில் ஒரே இலக்கைத்தான் அது அறியும். 150-க்கு ஏறு, ஒன்றரை நிமிடம் நில், பிறகு 210-க்குப் போ என்று படிகளாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் கைக்கடிகாரத்தோடு நின்று நீங்களே இலக்கை மாற்ற வேண்டும். மாதம் இரண்டு பலகை செய்கிறவருக்கு இது ஒரு குறையே இல்லை என்பேன். எப்படியும் முதல் பத்துப் பலகைக்குக் கதவுக் கண்ணாடி வழியே பேஸ்ட் பளபளப்பதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கப் போகிறீர்கள். படிகளை நினைவில் வைக்கும் கன்ட்ரோலர்களும் கிடைக்கின்றன, விலை கூடும், பட்டன்களும் கையேடும் சிக்கலாகும்.

மைக்ரோகன்ட்ரோலர் கற்பது உங்கள் நோக்கமில்லை, பலகை வந்தால் போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

## வழி 2: ஆர்டுவினோ யூனோ அல்லது நானோ

பழைய யூனோவின் பெரிய பலம் 5 வோல்ட். பெரும்பாலான எஸ்எஸ்ஆர்களின் உள்ளீடு 3 முதல் 32 வோல்ட், பத்து மில்லிஆம்ப்புக்குள் கேட்கும். யூனோவின் ஒரு பின் (பலகையின் இணைப்பு முனை) 20 மில்லிஆம்ப் வரை நிம்மதியாகத் தரும். நேரடியாக இணைக்கலாம். 6675 மாட்யூலும் 5 வோல்ட்டிலேயே ஓடும், நடுவில் வேறு எதுவும் வேண்டாம். 2023-இல் வந்த யூனோ ஆர்4-க்கு இது பொருந்தாது. அதுவும் 5 வோல்ட்தான், ஆனால் ஒரு பின் 8 மில்லிஆம்ப்தான் தரும். அதில் ஒரு டிரான்சிஸ்டர் சேர்த்தே ஆக வேண்டும்.

2 கேபி ரேம் என்று கேட்டுச் சிரிப்பார்கள். இந்த வேலைக்கு அது தாராளம்.

யூனோவில் புதியவர் விழும் பள்ளங்கள் எல்லாம் ஏற்கெனவே யாரோ விழுந்தவை, ஆகவே விடையும் கிடைக்கும். அவற்றில் மூன்று ஹீட்டரைத் தொடுபவை.

எஸ்எஸ்ஆரை 13-ஆம் பின்னில் இணைக்காதீர்கள். பூட்லோடர் (சிப் விழித்ததும் முதலில் ஓடும் சிறு நிரல்) ஒவ்வொரு ரீசெட்டிலும் அந்தப் பின்னைத்தான் மினுக்கும், எல்இடியோடு ஹீட்டரும் மினுங்கும்.

கணினியில் சீரியல் மானிட்டரைத் திறந்தாலே யூனோ ரீசெட் ஆகும். பாதி ஓட்டத்தில் "இப்போது எத்தனை டிகிரி" என்று பார்க்கத் திறந்தால் நிரல் முதலிலிருந்து தொடங்கும். எனவே ரீசெட் ஆனதும் நிரல் ஹீட்டரை அணைத்து, ஸ்டார்ட் பட்டனுக்குக் காத்திருக்க வேண்டும். தானாக ஓட்டம் தொடங்கும்படி ஒருபோதும் எழுதக்கூடாது.

மூன்றாவதுதான் கொஞ்சம் நயவஞ்சகமானது. ஐ2சி இணைப்பில் எல்சிடி திரை வைப்பது எல்லோருக்கும் பிடிக்கும், இரண்டு ஒயர் போதும் என்பதால். மெயின்ஸ் ஒயர் அருகில் ஓடி, அந்த இரண்டு ஒயரில் இரைச்சல் ஏறினால், ஐ2சி-க்கான ஆர்டுவினோவின் "வயர்" நூலகம் பதிலுக்குக் காத்துக்கொண்டே உறைந்துவிடக்கூடும். அந்த நேரத்தில் ஹீட்டர் ஆனில் இருந்தால் ஆனிலேயே இருக்கும். புதிய பதிப்புகளில் காத்திருப்புக்கு வரம்பு வைக்கும் வசதி உண்டு, ஆனால் அதை நீங்கள்தான் இயக்க வேண்டும். அதைவிட முக்கியம் வாட்ச்டாக். இந்தச் சிப்பில் அதிகபட்சம் 8 விநாடி வரை வைக்கலாம். அதற்குள் நிரல் "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லாவிட்டால் சிப் ரீசெட் ஆகும், எஸ்எஸ்ஆரை இயக்கும் பின் உள்ளீடாக மாறும், ஹீட்டர் அணையும். பழைய பூட்லோடர் உள்ள மலிவு நானோவில் வாட்ச்டாக் பாய்ந்தால் ரீசெட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், பவரைப் பிடுங்கினால்தான் தெளியும். ஹீட்டர் அணைந்தே இருக்கும் என்பதால் ஆபத்தில்லை, எரிச்சல்தான். யூனோவில் இந்தத் தொல்லை இல்லை.

ஆயத்த நிரல் என்று பார்த்தால் ராக்கெட் ஸ்க்ரீம் என்ற நிறுவனம் வெளியிட்ட திறந்தமூல ரீஃப்ளோ நிரல் யூனோவுக்காகவே எழுதப்பட்டது, அதன் வழித்தோன்றல்கள் பல இருக்கின்றன. படித்துப் பழக அருமையானது. அப்படியே ஏற்றும் முன் எண்களைப் பாருங்கள். 150 முதல் 200 வரை ஊறல் (பலகை முழுவதும் சீராகச் சூடேறும் கட்டம்), 250 வரை உச்சம் என்பவை காரீயமில்லாப் பேஸ்ட்டுக்கானவை. பிஸ்மத் பேஸ்ட்டை இந்த எண்களோடு ஓட்டுவது வீண். ஓவன் 50 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் தொடங்கும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. கோடை மதியத்தில் முதல் பலகைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே காபி குடிக்க நேரம் கிடைக்கும்.

## வழி 3: இஎஸ்பி32

வெப்ப வளைவைக் கைபேசித் திரையில் நேரடியாகப் பார்க்கலாம். இதன் கவர்ச்சி முழுவதும் இதுதான், சும்மா சொல்லக்கூடாது, நல்ல கவர்ச்சிதான். ஓவனின் குணத்தை வளைவு சொல்வதுபோல் எண் சொல்லாது. ராடு அணைந்தபிறகும் வெப்பம் எத்தனை டிகிரி ஏறுகிறது, கதவைத் திறந்தால் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

செலவு 3.3 வோல்ட்டில் தொடங்குகிறது. எஸ்எஸ்ஆர் 3 வோல்ட்டிலிருந்து வேலை செய்யும் என்று எழுதியிருந்தாலும், சுமை ஏறியதும் பின்னின் மின்னழுத்தம் சற்று இறங்கி விளிம்பில் நிற்கும். ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. 5 வோல்ட்டிலிருந்து ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் வழியாக எஸ்எஸ்ஆரை இயக்குங்கள். 6675 மாட்யூலுக்கு 3.3 வோல்ட்டையே கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் அதன் டேட்டா ஒயரிலும் 5 வோல்ட் வரும், இஎஸ்பி32-இன் பின் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

பின்களைத் தேர்ந்தெடுப்பது அடுத்த பொறி. 6 முதல் 11 வரை ஃப்ளாஷ் நினைவகத்துக்குப் போய்விட்டன. 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும். 5, 14, 15 போன்றவை பூட் ஆகும் கணத்தில் தாமாக ஹை ஆகும், அதாவது ஹீட்டருக்கு ஓர் உதை. 27, 32, 33 என்று ஏதாவது ஒன்றை எடுத்து, டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்துவிட்டால் பூட் நேரத்திலும் ஹீட்டர் அணைந்தே இருக்கும். இந்த ரெசிஸ்டர் எந்தப் பலகைக்கும் நல்லது.

வைஃபை தொடங்கும்போது மின்னோட்டம் எகிறும். மெலிந்த யூஎஸ்பி கேபிளில் மின்னழுத்தம் இறங்கி (பிரவுன்அவுட்) பலகை ரீசெட் அடிக்கும். கேபிளை மாற்றினாலே சரியாகிவிடும் இந்த நோய்க்கு நிரலில் மருந்து தேடுகிறார்கள். இன்னொன்று, வலைப்பக்கத்தில் ஸ்டார்ட் பட்டன் வைத்து, பக்கத்து அறையிலிருந்து ஓவனை இயக்கும் ஆசை வரும். பார்ப்பதற்கு வைஃபை, இயக்குவதற்கு ஓவன் பக்கத்தில் இருக்கும் நிஜப் பட்டன் என்று பிரித்துவிடுங்கள்.

## வழி 4: ராஸ்பெரி பை பிகோவும் மைக்ரோபைத்தானும்

பைத்தான் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு இதுபோல் சுகமான தொடக்கம் வேறில்லை. கம்பைல் செய்யக் காத்திருக்க வேண்டாம், தோன்னி என்ற நிரல் எழுதும் செயலியில் ஒரு வரி அடித்து உடனே சென்சாரைப் படிக்கலாம். தப்பு நேர்ந்தால் எந்த வரியில் என்று சொல்லும். மூன்றாவது அளவுகோலில் பிகோவுக்கு முதலிடம்.

முதல் அளவுகோலில் இதுவே கடைசி. மைக்ரோபைத்தானில் கையாளாத பிழை ஒன்று வந்தால் நிரல் நின்று, பிழைச் செய்தியை அச்சிடும். பின்கள் கடைசியாக இருந்த நிலையிலேயே இருக்கும். ஹீட்டர் ஆனில் இருந்தபோது ஏதோ ஒரு பட்டியலின் எல்லை தாண்டியது என்று வையுங்கள். நிரல் செத்துவிட்டது, ஹீட்டர் எரிகிறது, திரையில் கடைசி எண் அசையாமல் நிற்கிறது. தோன்னியில் ஸ்டாப் அழுத்தி நிரலை இடைமறித்தாலும் இதே கதைதான்.

மருந்து இரண்டு, இரண்டும் வேண்டும். முழு நிரலையும் ட்ரை, ஃபைனலி கட்டுக்குள் வைத்து, ஃபைனலியில் ஹீட்டரை அணைக்க வேண்டும். கூடவே வாட்ச்டாக். பிகோவில் 8 விநாடிக்குச் சற்று மேல் வரை வைக்கலாம். ரீசெட் ஆனால் பின்கள் உள் புல்டவுனோடு (கிரவுண்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) உள்ளீடாகிவிடும், ஹீட்டர் அணையும். ஒரு முறை இயக்கிய வாட்ச்டாக்கை நிறுத்த முடியாது என்பதால் நிரல் எழுதித் திருத்தும் நாட்களில் அது தொல்லை. அதற்காக எடுத்துவிட்டு, பிறகு சேர்க்க மறந்துவிடாதீர்கள். இதுவும் 3.3 வோல்ட் பலகை என்பதால் எஸ்எஸ்ஆருக்கும் மாட்யூலுக்கும் இஎஸ்பி32-க்குச் சொன்னதேதான்: டிரான்சிஸ்டர், 3.3 வோல்ட் சப்ளை.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | ரெக்ஸ் சி100 | யூனோ / நானோ | இஎஸ்பி32 | பிகோ, மைக்ரோபைத்தான் |
|---|---|---|---|---|
| நிரல் நின்றால் ஹீட்டர் | உங்கள் நிரலே இல்லை | வாட்ச்டாக் வைத்தால் அணையும் | வாட்ச்டாக்கும் சரியான பின்னும் இருந்தால் அணையும் | ஃபைனலி, வாட்ச்டாக் இரண்டும் இல்லாவிட்டால் எரியலாம் |
| எஸ்எஸ்ஆர் நேரடி இணைப்பு | ஆம், அதற்கான மாடலில் | ஆம் (ஆர்4-இல் டிரான்சிஸ்டர்) | டிரான்சிஸ்டர் வேண்டும் | டிரான்சிஸ்டர் வேண்டும் |
| படிப்படியான வெப்ப வளைவு | கையால் மாற்ற வேண்டும் | எழுதலாம், ஆயத்த நிரலும் உண்டு | எழுதலாம் | எழுதலாம் |
| வளைவைப் பார்க்க | முடியாது | கணினியோடு இணைத்து | கைபேசியில் | கணினியோடு இணைத்து |
| தப்பு தேடுவது | தேவை குறைவு | நடுத்தரம், உதவி அதிகம் | சற்றுக் கடினம் | மிக எளிது |
| மறைந்த செலவு | தவறான மாடல் | திரை உறைதல், பழைய பூட்லோடர் | பின் தேர்வு, மோசமான கேபிள் | பிழைக்குப் பிறகும் ஆனில் நிற்கும் பின் |

டி-962 போன்ற ஆயத்த ரீஃப்ளோ ஓவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டன் அழுத்தினால் ஓடும். ஆனால் உள்ளே மாஸ்கிங் டேப் ஒட்டி வந்து சூட்டில் நாறுவதும், வெப்ப அளவீட்டில் பிசகு இருப்பதும் பரவலாகத் தெரிந்த குறைகள். அவற்றைச் சரிசெய்யவே திறந்தமூல மாற்று நிரல் ஒன்று உருவானது. அதாவது காசு கொடுத்து வாங்கியும் கழற்றத்தான் வேண்டியிருக்கும். உங்கள் பலகை எல்லாம் உள்ளங்கையில் பாதி அளவு, ஒரு பக்கம் மட்டும் பாகம் என்றால் ஓவனையே மறந்துவிட்டுச் சின்ன ஹாட்பிளேட்டைப் பாருங்கள்.

## நிரலில் பிஐடி கட்டாயமா?

பிஐடி இல்லாமலே பிஸ்மத் பேஸ்ட்டை உருக்கலாம். ஓவன் சோதனையின்போது 100 டிகிரியில் ராடை அணைத்துப் பாருங்கள். வெப்பம் மேலும் எத்தனை டிகிரி ஏறி நிற்கிறதோ, அதை இலக்கிலிருந்து கழித்து அங்கேயே ஹீட்டரை அணையுங்கள். 170 வேண்டும், ராடு 15 டிகிரி மிச்சம் வைக்கிறது என்றால் 155-இல் அணைக்க வேண்டும். கற்காலத்து முறைதான், முதல் பலகைக்குப் போதும். பிஐடிக்குப் போகும்போது நினைவில் வைக்க வேண்டியது, ஹீட்டருக்கு ஆர்டுவினோவின் சாதாரண அனலாக்ரைட் கட்டளை பயன்படாது. அது விநாடிக்கு 490 முறை ஆன், ஆஃப் செய்யும். ஜீரோ கிராசிங் வகை எஸ்எஸ்ஆரோ மெயின்ஸ் மின் அலை பூஜ்யத்தைக் கடக்கும்போதுதான், அதாவது 50 ஹெர்ட்ஸில் 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறைதான், ஆன் ஆகும். ஒரு விநாடி அல்லது இரண்டு விநாடியை ஒரு சாளரமாக வைத்து, அதில் எத்தனை பங்கு ஆன் என்று கணக்கிடுங்கள். ஒரு விநாடியில் 100 அரைச்சுற்றுகள் இருப்பதால் ஒரு சதவீத நுணுக்கம் கிடைக்கிறது.

இன்னொரு பாதுகாப்பு விதியை 3டி அச்சு இயந்திரங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். மார்லின் நிரலில் தெர்மல் ரன்அவே என்ற காப்பு இருக்கிறது: ஹீட்டர் ஆனில் இருந்தும் குறிப்பிட்ட நேரத்தில் வெப்பம் ஏறவில்லையென்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். தெர்மோகப்பிள் பலகையிலிருந்து நழுவி வெளியே விழுந்தால் அறுந்ததாகக் காட்டாது, அறை வெப்பத்தைச் சாதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த ஒரு விதிதான் அதைப் பிடிக்கும். உங்கள் ஓவன் சோதனையில் குறித்த எண்ணைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் குறைந்தது இத்தனை டிகிரி என்று வரம்பு வையுங்கள்.

## யாருக்கு எது

சால்டர் ஆன பிசிபி பலகை மட்டும் வேண்டும், மாதம் ஒன்றிரண்டு: ரெக்ஸ் சி100, பிஸ்மத் பேஸ்ட்.

மைக்ரோகன்ட்ரோலரையும் கற்க வேண்டும், முன்னனுபவம் இல்லை: யூனோ, மேக்ஸ் 6675. என் ஓட்டு இதற்குத்தான். இருப்பதில் அழகானது என்பதாலல்ல. 5 வோல்ட்டில் எல்லாம் நேராக இணைகிறது, வாட்ச்டாக் வைக்க மூன்று வரி போதும், மாட்டிக்கொண்டால் விடை கிடைக்கிறது.

பைத்தான் கைவந்தவர், இன்னொரு மொழி கற்க மனமில்லை: பிகோ. ஃபைனலியும் வாட்ச்டாக்கும் எழுதி முடிக்கும்வரை எஸ்எஸ்ஆரின் வெளியீட்டில் ஓவனுக்குப் பதில் 60 வாட் குண்டு பல்பை மாட்டி வைத்துப் பழகுங்கள். நிரலை வேண்டுமென்றே கொன்று, பல்ப் அணைகிறதா என்று பாருங்கள். யூனோக்காரர்களும் இதைச் செய்யலாம்.

ஏற்கெனவே ஒரு கன்ட்ரோலர் பலகையில் இரண்டு மூன்று வேலை செய்து பழகியவர், வளைவைப் பார்த்து ஓவனைச் செம்மைப்படுத்த ஆசைப்படுகிறவர்: இஎஸ்பி32. முதல் கன்ட்ரோலராக இதை வாங்கியே விட்டீர்கள் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டாம். வைஃபையைத் தொடாமல், யூனோபோலவே பாவித்து ஒரு பிசிபியை ரீஃப்ளோ செய்து எடுங்கள். பிறகு வைஃபையைச் சேர்க்கலாம்.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போனால் எஸ்எஸ்ஆர், ஹீட்சிங்க், தெர்மோகப்பிள் மூன்றையும் ஒரே நடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். எஸ்எஸ்ஆர் மட்டும், கடைக்காரர் எடுத்து வைக்கும் இரண்டில் விலை கூடியதை வாங்குங்கள்.